ஆறு பேருக்கு ஒரு நாடகம்

விண்ணப்பப் படிவத்தில் ‘எதிர்பார்க்கப்படும் பார்வையாளர் தொகை’ என்று ஒரு கட்டம். அதில் 6 என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிய அலுவலர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு ஒருமுறை பார்த்தார். பிறகு பரீட்சையில் பிழைவிட்ட பிள்ளைக்கு உதவுகிற மாதிரிப் பேனையை என் பக்கம் நீட்டினார்.

“சைபர் ஒண்டு விடுபட்டுப் போச்சு பிள்ளை. அறுபதோ, அறுநூறோ?”

“ஆறுதான் சேர்.”

“ஒரு காட்சிக்கோ?”

“ஓம்.”

“ஆறு பேருக்கு மூண்டு நடிகரோ?”

“நாலு சேர். மத்தளக்காரரையும் சேர்த்து.”

அவர் கோபப்படவில்லை, அதைச் சொல்லவேண்டும். தேத்தண்ணி கூட வரவழைத்துத் தந்தார். ஆனால் ஆறு என்ற எண்ணைத் தூக்கிக்கொண்டு தன் மேலதிகாரி முன் போய் நிற்க அவரால் முடியாது என்பது எனக்கு விளங்கியது. பணம் கிடைக்கவில்லை. ஏன் ஆறு என்று அன்றைக்கு அவருக்குச் சொல்லத் தொடங்கி, நாக்குழறி, பாதியில் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியம்மாவின் மகள், எனக்கு மூன்று வயது மூத்த அக்கா, மூளைவாதத்தோடு பிறந்தவர். நடக்கமாட்டார், கதைக்கமாட்டார். பார்வை மங்கல், எவ்வளவு தெரிகிறது என்று எந்த வைத்தியரும் அடித்துச் சொன்னதில்லை. வலிப்பு வரும். விழுங்குவது கஷ்டம் என்பதால் சோற்றைக் கரைத்துக் கூழாக்கித்தான் ஊட்டவேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டில் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவும் கவனமும், தன்னைத்தானே பராமரித்தல், தொடர்பாடல் என்று ஆறு விடயங்களைக் கேட்டுக் கணக்கெடுத்தார்கள். இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 சதவீதமானோருக்கு இவற்றில் ஏதோ ஒன்றிலாவது சிரமம் இருப்பதாக வந்தது. அக்காவுக்கு ஆறில் ஐந்து. மிச்சம் இருப்பது கேட்டல் மட்டும்தான், அது எங்கள் எல்லாரையும் விடக் கூர்மை. ஒழுங்கை முனையில் பெரியப்பாவின் சைக்கிள் திரும்பும்போதே இவருக்குத் தெரிந்துவிடும்.

இப்படி ஒரே உடம்பில் பல இயலாமைகள் பின்னிக் கிடக்கிறவர்களைச் சொல்ல நம்மிடம் நல்ல சொல் ஒன்று இல்லை. ‘மாற்றுத்திறனாளி’ என்றதும் பலருக்கு மனதில் வருவது சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு பரீட்சை எழுதி மூன்று ஏ எடுத்த இளைஞனின் படம். அக்கா பரீட்சை எழுதப்போவதில்லை. எந்தத் திறனையும் காட்டி யாரையும் வாய்பிளக்க வைக்கப் போவதுமில்லை. அந்தச் சொல் நல்ல மனதோடு செய்த சட்டை, ஆனால் அக்காவுக்கு அளவெடுத்துத் தைக்கவில்லை.

2004இல் எங்கள் பாடசாலை நாடகம் நகரத்து மண்டபம் ஒன்றில் மேடையேறியது. நான் ராணி. பெரியம்மா ஓட்டோ பிடித்து அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசைக்குப் பக்கத்தில் இருந்தார். நான் வாயைத் திறந்து முதல் வசனத்தைச் சொன்னதுதான் தாமதம், பின்னால் இருந்து “ஆஆ” என்று நீளமாக ஒரு சத்தம். சனம் திரும்பிப் பார்த்தது. இரண்டாவது தரம். மூன்றாவது தரம். யாரோ ஒருவர் எழும்பிப் போய், “அம்மா, கொஞ்சம் வெளியில கொண்டு போங்கோ, சனம் பாக்கேலாமல் கிடக்கு” என்றது மேடை வரைக்கும் கேட்டது. சக்கர நாற்காலியின் ஒரு சில்லு எப்போதும் கிறீச்சிடும், அந்தச் சத்தம் கதவுப் பக்கம் போய்த் தேய்ந்தது. நான் அடுத்த வசனத்தைச் சொன்னேன். ஒரு சொல்லும் பிசகவில்லை. அன்றைக்குக் கிண்ணமும் கிடைத்தது.

அக்கா சத்தம் போட்டது என் குரல் என்று தெரிந்ததால்தான். அது கைதட்டல். அதை நான் உணர எத்தனையோ வருடங்கள் பிடித்தன.

இதைச் சொன்னால் நாடகக்காரர்கள் உடனே, “எங்கட கூத்து அப்பிடி இல்லை” என்பார்கள். உண்மைதான். காத்தவராயன் கூத்துக்கு விடிய விடியக் கோயில் வீதியில் பாய் விரித்துக் கிடந்தவர்களுக்குத் தெரியும்: பிள்ளைகள் நித்திரை கொள்ளும், கிழவிகள் வெற்றிலை இடிப்பார்கள், கச்சான் கடைக்காரி கூவுவாள், ஒருவர் எழும்பி வீட்டுக்குப் போய் மாட்டைப் பார்த்துவிட்டு அடுத்த காட்சிக்குத் திரும்பி வருவார். யாரும் யாரையும் ‘உஷ்’ என்பதில்லை. வெளிநாட்டு அரங்குகளில் இப்போது தளர்வான காட்சி என்று தனியாக அறிவித்து, சத்தம் போடலாம், எழும்பி நடக்கலாம், வெளியே போய் வரலாம் என்று அனுமதி கொடுக்கிறார்கள். 2011இல் நியூயோர்க் பிராட்வேயில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக முதன்முதலாக ஒரு பெரிய இசை நாடகத்தை இப்படிப் போட்டதைச் செய்தியாகவே எழுதினார்கள். நாங்கள் வீதியில் இருந்ததை மண்டபத்துக்குள் கொண்டுபோய், கதிரையை வரிசையாகப் போட்டு, லைற்றை அணைத்து, அனுமதியை எடுத்துவிட்டோம். அவர்கள் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறார்கள்.

ஆனால் இந்தப் பெருமையோடு நின்றுவிட எனக்கு விருப்பமில்லை. கோயில் வீதி மணலில் சக்கர நாற்காலி பத்தடி போகாது. ஒலிபெருக்கி இரண்டு பனைமரத்தில் கட்டியிருக்கும், அந்தச் சத்தத்துக்கு அக்காவின் உடம்பு விறைத்துப்போகும். அதைவிட முக்கியம், அந்த நாளில் இப்படிப்பட்ட பிள்ளையைக் கூத்துக்கு யார் கொண்டு வந்தார்கள்? வீட்டின் உள்ளறையில் வைத்திருந்தார்கள். உஷ் சொல்ல ஆளில்லாத இடத்தில் உஷ் சொல்லப்பட வேண்டியவர்களும் இருக்கவில்லை.

இலங்கையில் இந்தத் துறையில் பெரிய வேலை செய்தவர்கள் சுனேரா அறக்கட்டளையினர். லண்டனில் 1980இல் அமிச்சி நடனக் குழுவைத் தொடங்கிய வொல்ப்காங் ஸ்டாங்கேயின் பயிற்சிகளிலிருந்து முளைத்து 2000இல் உருவான அமைப்பு. வலுக்குறைபாடு உள்ள இளைஞர்களை மற்றவர்களோடு சேர்த்து மேடையில் ஏற்றினார்கள். மேடையில் ஏறுவது ஒன்று. கீழே இருந்து பார்ப்பது இன்னொன்று. அக்கா நடிக்கவேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. அக்காவுக்காக ஒரு நாடகம் போடவேண்டும், அவர் பார்வையாளராக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

வழி தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தவள் நான். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கத்தின் வழிவந்த சிறுவர் அரங்கு எங்கள் எல்லாருக்கும் தாய்ப்பால் மாதிரி. பிள்ளைகளைக் கூட ஆடவைப்போம், பாடவைப்போம், கேள்வி கேட்டுப் பதில் சொல்லவைப்போம். ஆடவும் பாடவும் பதில் சொல்லவும் முடியாத பிள்ளைக்கு? பாடத்திட்டம் அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது.

லண்டனில் இருக்கிற மச்சாள்தான் ஒயிலி கார்ட் என்ற குழுவைப் பற்றிச் சொன்னாள். 1981இல் டிம் வெப், கிளேயர் டி லூன், மாக்ஸ் ரெயின்ஹார்ட் என்ற மூவர் தொடங்கியது. மிகச் சின்னப் பிள்ளைகளுக்கும், கடுமையான பல வலுக்குறைபாடுகள் உள்ளவர்களுக்கும் ஐம்புலன்களாலும் நாடகம் போடுகிறார்கள். வெந்நீர்ச் சிகிச்சைத் தடாகத்துக்குள் பிள்ளைகளை மிதக்கவைத்து நாடகம். டிரம்போலின் மேல் படுக்கவைத்து நாடகம். 2009இல் அந்தரத்தில் ஆடும் கலைஞர்களோடு சேர்ந்து, பிள்ளைகளையும் ஊஞ்சல் கதிரைகளில் மேலே தூக்கிவிட்டு ஒரு நாடகம். வீடியோத் துண்டுகளைப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு நாள் நித்திரை வரவில்லை. மூன்றாம் நாள் யோசித்தேன்: எங்களிடம் வெந்நீர்த் தடாகம் எங்கே? கீரிமலைக் கேணி இருக்கிறது, அதற்குள் சக்கர நாற்காலியை இறக்க ஐயனாரே வரவேண்டும்.

ஆகவே பெரியம்மா வீட்டில் போய் இருந்தேன். ஒன்றும் செய்யவில்லை, சும்மா இருந்தேன். கொப்பியும் பேனையும் வைத்துக்கொண்டு, அக்காவுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது, எப்படித் தெரியும் என்று பார்த்தேன். பெரியம்மாவுக்கு இது வேடிக்கை. “முப்பது வருசமாப் பாக்கிறன், நீ ஒரு கிழமையில என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறாய்?” கேள்வி சரிதான், கண்டுபிடித்ததெல்லாம் அவர் சொன்னவைதான். உதாரணமாக, கிணற்றுக் கப்பி. யாராவது தண்ணி அள்ளினால் கப்பி கிறீச்சிடும், உடனே அக்கா தலையை அந்தப் பக்கம் சாய்ப்பார். உடனே என்று சொன்னேன், அது பிழை. கைக்கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்த்தேன். கப்பிச் சத்தத்துக்கும் தலை சாய்வதற்கும் இடையில் பதினேழு செக்கன். மறுநாள் பதினான்கு. களைத்திருந்த ஒருநாள் முப்பது தாண்டியது. சத்தம் காதுக்குள் போய், மூளைக்குள் பாதை தேடி, கழுத்துத் தசைக்கு வந்து சேர அவ்வளவு நேரம். பதினேழு செக்கன் எவ்வளவு நீளம் என்று தெரிய வேண்டுமென்றால் இப்போது படிப்பதை நிறுத்தி எண்ணிப் பாருங்கள். நாங்கள் மூன்று எண்ணுவதற்குள் “அவவுக்கு ஒண்டும் விளங்காது” என்று தீர்மானித்துத் திரும்பிவிடுகிறோம்.

இன்னொன்றும் பார்த்தேன். அக்கா “ம்ம்” என்றால் பெரியம்மாவும் அரிசி புடைத்துக்கொண்டே “ம்ம்” என்பார். அக்கா நாக்கைத் தட்டினால் இவரும் தட்டுவார். இப்படி அரை மணித்தியாலம் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டிருப்பார்கள். 1980களில் இங்கிலாந்தில் மெலனி நிண்ட், டேவ் ஹியூவெட் என்ற இரண்டு ஆசிரியர்கள் இதையே முறையாக வளர்த்துப் பெயர் வைத்து, பயிற்சி நூல்கள் எழுதினார்கள். பெரியம்மாவிடம் சொன்னேன். “அப்ப எனக்கும் சேர்டிபிக்கேற் தருவினமோ?” என்றார்.

நாடகத்துக்குப் பொருள் பனை. வேறு எதை எடுப்பது? முற்றத்தில் நிற்கிறது, காசும் கேட்பதில்லை. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை: காற்று வருகிறது, காவோலை சலசலக்கிறது, பனம்பழம் ஒன்று விழுகிறது, மழை பெய்கிறது, வெயில் திரும்புகிறது. மொத்தம் நாற்பது நிமிடம். காற்றுக்குச் சுளகு. மழைக்கு, சலவைக்காரர் துணிக்குத் தெளிக்கும் மாதிரியான தெளிபோத்தல். முதலில் நுங்கு வைத்திருந்தோம், ஆனி மாத ஒத்திகைகளில் குளுகுளு என்று கையில் வைத்து உருட்ட நல்ல சாமான், நாடகம் ஆவணிக்குத் தள்ளிப்போக நுங்குக் காலம் முடிந்துவிட்டது. பரவாயில்லை, பழக் காலம் வந்தது. சுட்ட பனம்பழத்தின் வாசனைக்கு நிகராக இந்த உலகத்தில் எதுவும் இல்லை என்பது என் பக்கச்சார்பான கருத்து.

அதிர்வுப் பலகை ஒன்றும் செய்வித்தோம். டென்மார்க்கைச் சேர்ந்த லில்லி நீல்சன், பார்வையற்ற பல குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக வடிவமைத்தது. மெல்லிய ஒட்டுப்பலகை, விளிம்பில் அடிப்பக்கமாகச் சின்னச் சட்டம், அதனால் நிலத்தில் ஒட்டாமல் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். அதன் மேல் பிள்ளையைப் படுக்கவைத்தால், விரலால் தட்டினாலும் உடம்பு முழுக்கத் தெரியும். ஒழுங்கையில் இருக்கிற ஓடாவியாரிடம் அளவைக் கொடுத்தேன். “இவ்வளவு மெல்லிசாய் என்ன மேசை? மேல என்ன வைக்கப் போறியள்?” என்று கேட்டார். பிள்ளையை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பலகையை எடுக்கப் போனபோது நான்கு மூலையையும் உருட்டி, விளிம்பெல்லாம் உப்புத்தாள் போட்டு, தன் உள்ளங்கையை நான்கு பக்கமும் இழுத்து இழுத்துக் காட்டினார், எங்கேயும் சிராய் இல்லை என்று. காசில் பாதிதான் வாங்கினார்.

தூக்கி எறிந்தவற்றின் பட்டியல் வைத்தவற்றைவிட நீளம். கோயில் காட்சி ஒன்று யோசித்திருந்தோம், கற்பூர வாசனையோடு. ஒரு தாதி, என்னோடு படித்தவள், அதைக் கேட்டுவிட்டுக் கத்தினாள்: கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பை வரவைக்கும் சாமான், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அதை வைப்பாயா என்று. போயிற்று கற்பூரம். சாம்பிராணி போடலாம் என்றால் இரண்டு பேருக்கு நெஞ்சுச் சளி, புகை ஆகாது. கடைசியில் வேப்பிலையைக் கசக்கி மூக்குக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தோம். விட்டு விட்டு மின்னும் விளக்கும் இல்லை. செக்கனுக்கு மூன்று முதல் முப்பது தடவை வரை மின்னும் வெளிச்சம்தான் ஒளிக்கு வலிப்பு வருகிறவர்களுக்கு ஆபத்தானது. பழுதான டியூப் லைற் கூட வேண்டாம் என்று பின்னேர வெயிலையே பாவித்தோம். கிடுகு வேலியால் வடிந்து வருகிற வெயிலைவிட நல்ல மேடை விளக்கு எந்த மண்டபத்தில் இருக்கிறது? தாளம் போயிற்று, ‘ணங்’ என்று அடித்தால் மூளைவாதம் உள்ள உடம்பு திடுக்கிட்டு விறைக்கும், பிறகு அந்த விறைப்பு இறங்கப் பத்து நிமிடம். காவோலையைத் தூசி தட்டி, வெயிலில் காயவைத்து, மட்டையைக் கருக்கோடு வெட்டி எறிந்தோம். கருக்கு என்றால் இங்கே யாருக்கும் விளக்கம் தேவையில்லை, சின்ன வயதில் எல்லாரும் கீறுப்பட்டவர்கள்தான்.

சாமான்களைத் திருத்தியது சுலபம். நடிகர்களைத் திருத்தியதுதான் பாடு, என்னையும் சேர்த்து. எங்களில் ஒரு தம்பி கூத்துக் குடும்பம், தாத்தா கூத்துப் பழக்குகிற அண்ணாவியார். குரல் அரை மைலுக்குக் கேட்கும். அவனை அரை முழ தூரத்தில் மூச்சுச் சத்தம் மாதிரிப் பாடச் சொன்னால், “அக்கா, இது பாட்டில்லை, ரகசியம்” என்றான். ஆனால் நாடகத்தின் ஆகச் சிறந்த யோசனையும் அவனுடையதுதான். இந்த மாதிரி அரங்குகளில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பாட்டாகப் பாடி வரவேற்பது உண்டு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். “அப்ப வரவுப் பாட்டு” என்றான். கூத்தில் ராசா கொலுவுக்கு வரும்போது பாடுகிற மாதிரி, ஒவ்வொரு பிள்ளையும் வாசலால் வரும்போது அவர் பெயரைப் போட்டு, அவர் ஊரைப் போட்டு, மத்தளத்தோடு ஒரு வரவு. ஆறு பேருக்கும் ஆறு வரவு. ஒரு தாய் பிறகு சொன்னா: பிள்ளையின் பெயரை வைத்தியசாலையில் நம்பர் கூப்பிடும்போதுதான் இவ்வளவு சத்தமாகக் கேட்டிருக்கிறேன் என்று.

காத்திருப்பதை எப்படிப் பழக்கினோம்? ஒத்திகையில் ஒருவர் பிள்ளையாக இருப்பார், மற்றவர் ஓலையைக் காட்டிவிட்டு மனதுக்குள் இருபது எண்ணவேண்டும். சிரிக்கக் கூடாது, ஓலையை ஆட்டக் கூடாது, “இஞ்ச பாருங்கோ” என்று சொல்லக் கூடாது. முதல் நாள் ஒருவராலும் எட்டைத் தாண்ட முடியவில்லை. நடிகனுக்கு மேடையில் மௌனம் என்றால் வசனம் மறந்துபோன பயம்தான் முதலில் வருகிறது. இதற்காகவே ஆறு பேர். ஒருவருக்கு இருபது செக்கன் காத்திருந்து, பதில் வந்தபின் அந்தப் பதிலுக்குப் பதில் செய்து, அடுத்தவரிடம் போவதென்றால், ஏழாவது பிள்ளையிடம் போகும்போது முதல் பிள்ளைக்கு நாடகமே முடிந்துபோயிருக்கும். சைபர் விடுபட்டுப் போகவில்லை சேர்.

முதல் காட்சி தோல்வி. நாசூக்காகச் சொல்ல ஒன்றுமில்லை. பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தோம்: மத்தளம் போகும்போதே சுளகு வீசி, அதே நேரம் பழத்தை மூக்கடியில் நீட்டி, பாட்டும் பாடி. நீலச் சட்டை போட்ட ஒரு பையன், பதினோரு வயதிருக்கும், ஐந்தாவது நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டான். தலை தொங்கிவிட்டது. எனக்குள் ஏதோ விழுந்தது. முடிந்தபின் தாயிடம் போய், “அவருக்கு நித்திரை வந்திட்டுது போல, அலுப்படிச்சுப்போட்டம்” என்றேன். அந்தத் தாய் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

“அது நித்திரை இல்லை ரீச்சர். அவர் போதும் எண்டு சொல்லுறார். அவரால எழும்பிப் போகேலாதெல்லோ, கண்ணைத்தான் மூடலாம்.”

அவர்களுக்கு மண்டபத்தைவிட்டு வெளியேறும் வழி அதுதான். ஒரு பிள்ளையை வெளியே போகவைத்தவர்களைப் பற்றி இருபது வருடமாக மனதுக்குள் குறைப்பட்டுக்கொண்டிருந்தவள், என் நாடகத்திலிருந்தே ஒரு பிள்ளையை வெளியே போகவைத்திருந்தேன்.

அன்றிரவு எல்லாவற்றையும் பிரித்துப் போட்டோம். ஒரு நேரத்தில் ஒன்று. காற்று என்றால் காற்று மட்டும், பாட்டுக் கூட இல்லை. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் வெறும் வெளி. ஒவ்வொரு காட்சிக்கும் முன் அதற்குரிய பொருளை, சுளகின் விளிம்பையோ ஓலைத் துண்டையோ, பிள்ளையின் கையின் கீழே எங்கள் கையை வைத்துத் தொடவைப்பது. மேலே இருந்து பிடித்து அமுக்கினால் அது எங்கள் விருப்பம், கீழே இருந்தால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வார் என்று ஒவ்வொரு தாயிடமும் முன்கூட்டியே கேட்டு ஒரு சின்ன மட்டையில் எழுதிக்கொண்டோம். ‘உதட்டை உள்ளே இழுப்பார்.’ ‘இடது கால் நீளும்.’ ‘சிரிப்பார், ஆனால் அது சிரிப்பு இல்லை.’

மூன்றாவது காட்சிக்கு நீலச் சட்டைப் பையன் திரும்பி வந்தான். தாய் கொண்டுவந்ததே பெரிய காரியம். அன்றைக்குக் கூத்துத் தம்பிதான் அவனிடம் ஓலையோடு போனது. காவோலையை அவன் கதிரையின் தட்டில் வைத்து ஒருமுறை மட்டும் நகத்தால் கீறினான். கிர்ர்ர். பிறகு கையை எடுத்துவிட்டுக் குந்தியிருந்தான். நான் சுவரோரம் நின்று எண்ணினேன். பத்து. பன்னிரண்டு. மத்தளக்காரர் என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன். பதினெட்டு. பையனின் வலதுகைப் பெருவிரல், எப்போதும் மற்ற விரல்களுக்குள் பொத்திக் கிடப்பது, மெல்ல வெளியே வந்தது. ஓலையின் ஒரு மடிப்பில் பட்டது. கிர். அவ்வளவு சின்னச் சத்தம், நான் கேட்டேனா பார்த்தேனா என்று இப்போதும் சந்தேகம். தம்பி அதே இடத்தில், அதே அளவுக்கு, கிர் என்றான். மறுபடி காத்திருப்பு. இந்த முறை ஒன்பது செக்கன்தான். கிர். அப்புறம் இரண்டு பேரும் ஏழெட்டு நிமிடம் ஓலையால் கதைத்துக்கொண்டிருந்தார்கள், மழை வரவேண்டிய நேரம் தாண்டிப்போயிற்று, நாங்கள் மழையைப் பிற்போட்டோம்.

இடம் பற்றிச் சொல்லாவிட்டால் குறை. மண்டபம் தேடி அலைந்தோம். சாய்தளம் இருக்கிறது என்பார்கள், போய்ப் பார்த்தால் மொட்டைமாடிக்குத் தண்ணீர்த் தாங்கி ஏற்றலாம், அவ்வளவு செங்குத்து. சாய்தளம் சரியாக இருந்தால், வளர்ந்த ஒருவரின் பம்பர்ஸ் மாற்றப் படுக்கவைக்க ஒரு மேசை கிடையாது. பதினாறு வயதுப் பெண்பிள்ளையை மலசலகூட நிலத்தில் கிடத்தியா மாற்றுவது? இந்த ஒரு காரணத்துக்காகவே பல தாய்மார் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எங்கேயும் வருவதில்லை. கடைசியில் நாடகத்தை வீடுகளுக்குக் கொண்டுபோனோம். விறாந்தை பெரிதாக உள்ள ஒரு வீடு, அயலில் இருக்கிற பிள்ளைகள் அங்கே வந்தால் போதும். சாமான் எல்லாம் ஒரு ஓட்டோவில் அடங்கும், பலகையைத் தவிர. பலகையை மத்தளக்காரர் மோட்டார் சைக்கிளில் முதுகில் கட்டிக்கொண்டு வருவார், சோளகக் காற்றில் அவர் படுகிற பாடு தனி நாடகம்.

வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறவர்களும் வந்தார்கள். கோண்டாவிலில் ஒரு வீட்டில், பக்கத்து வீட்டு ஐயா ஒருவர் நாற்பது நிமிடமும் நின்று பார்த்துவிட்டு, “தங்கச்சி, குறை நினைக்காதை, இவைக்கு இது விளங்குமோ?” என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நானும் கேட்டேன், “ஐயா, விடியப்புறம் மூண்டு மணிக்குக் கூத்தில பாடுற விருத்தம் முழுக்க உங்களுக்கு விளங்கினதோ?” அவர் சிரித்தார். “விளங்காது. ஆனால் எழும்பி வரவும் மனம் வராது.”

சட்டத்தில் குறைவில்லை. வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது, 28ஆம் இலக்கம். இதே உரிமைகள் பற்றிய ஐநா உடன்படிக்கையை 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்தது. அதன் 30ஆவது உறுப்புரை நாடகம், சினிமா, நூதனசாலை எல்லாவற்றையும் மற்றவர்களோடு சமமாக அனுபவிக்கும் உரிமையைச் சொல்கிறது. அக்காவிடம் வாசித்துக் காட்டினேன், கப்பி கிறீச்சிட்டதும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். பணத்துக்கு மச்சாளும் அவளுடைய சிநேகிதிகளும் அனுப்பியதுதான், ஓட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் சரி. நடிகர்களுக்கு இன்னும் ஒழுங்காகக் கொடுக்கவில்லை, இதைப் படித்தால் அவர்கள் நினைவூட்டுவார்கள்.

அக்காவுக்கு நாடகம் போட்டோமா என்று கேட்பீர்கள். போட்டோம், நான்காவது காட்சி, பெரியம்மா வீட்டு விறாந்தையில். என் முறை வந்தபோது வரவுப் பாட்டில் அக்காவின் பெயரைச் சொன்னேன். பதினைந்தாவது செக்கனில் “ஆஆ” என்றார், 2004இல் மாதிரியே, ஒழுங்கைக்குக் கேட்கிற அளவுக்கு. நான் வசனத்தை நிறுத்திவிட்டு “ஆஆ” என்றேன்.

போன கிழமை நீலச் சட்டைப் பையனின் தாய் போன் எடுத்தா. அந்த ஓலை எங்கே வாங்கினது, இவர் தட்டை விரலால் கீறிக் கீறித் தேடுகிறார், பிளாஸ்ரிக்கில் ஏதோ வாங்கிக் கொடுத்தேன், அதைத் தொடுகிறாரில்லை என்றா.

“வாங்கேல்லை அம்மா, விழுந்தது.”

மறுநாள் முற்றத்தில் கிடந்ததில் நல்லதாக மூன்று பார்த்து, கருக்கை வெட்டி, துடைத்து, ஓட்டோக்காரத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். காற்றில் அவன் ஒன்றைப் பறக்கவிட்டுவிட்டானாம். இரண்டு போய்ச் சேர்ந்தது.